பாம்பை விடச் சொல்கிறார்கள், காக்கைக்குச் சோறு கூடாது என்கிறார்கள்

கேள்வி:

மன்னார்குடியிலிருந்து சிங்கப்பூர் வந்து இரண்டு வருடம் ஆகிறது. புக்கிட் பாஞ்சாங்கில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு ஒன்றில், மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். போன மாதம் மகனைப் பள்ளிக்குக் கூட்டிப் போகும்போது, பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் உள்ள பெரிய வடிகாலில் ஒரு மலைப்பாம்பு படுத்திருந்தது. ஆள் உயரத்தைவிட நீளம். உடனே வனவிலங்கு உதவி எண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "வடிகாலில்தானே இருக்கிறது, தொந்தரவு செய்யாமல் விட்டுவிடுங்கள்" என்றார்கள். இவ்வளவு வசதியான நாட்டில் ஒரு பாம்பைப் பிடிக்க ஆள் இல்லையா? மகனுக்கு ஏழு வயது. அன்றிலிருந்து அந்த வழியே வரமாட்டேன் என்று அழுகிறான்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அத்தை அமாவாசைக்கு அமாவாசை சமையலறைச் சன்னலில் காக்கைக்குச் சோறு வைப்பார். அக்கம்பக்கத்தில் யாரோ புகார் சொல்லி, இனி வைக்கக் கூடாது என்று எச்சரிக்கை வந்துவிட்டது. அத்தை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பூங்கா ஓரம் குரங்குக்கு ஆஞ்சநேயர் என்று வாழைப்பழம் கொடுத்து வந்தார். போன வாரம் அதே குரங்கு ரொட்டிப் பையைப் பிடுங்கியதில் அவருக்குக் கையில் கீறல். விடியற்காலை ஐந்து மணிக்கே குயில் கத்தி எல்லாரையும் எழுப்புகிறது. பேசாமல் செங்காங் பக்கம் வீடு மாறிவிடலாம் என்கிறார் கணவர். மாறலாமா?

இன்னொன்று. வாசலில் வைத்திருக்கும் கறிவேப்பிலைச் செடியில் ஒரு சின்னப் பறவை பை மாதிரி கூடு கட்டியிருக்கிறது. செடியை நகர்த்தி வைக்கலாமா?

புக்கிட் பாஞ்சாங் வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கறிவேப்பிலைச் செடியை நகர்த்தாதீர்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். அதற்குள் தொட்டியை இடம் மாற்றிவிடப் போகிறீர்களே என்றுதான் இந்த அவசரம்.

நான் வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு இங்கே வந்தவள். பத்தொன்பது ஆண்டுகளாக அடிபட்ட காட்டு விலங்குகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன். வந்த புதிதில் துவாஸ் பக்கம் ஒரு கட்டுமானத் தளத்திலிருந்து மலைப்பாம்பு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மண்வெட்டியால் அடித்ததில் முதுகெலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. எனக்கு வந்த கோபத்தில், அடித்தவர்களைப் பார்த்துப் பேசியே தீருவது என்று மறுநாள் அங்கே போனேன். எல்லாரும் நம் பிள்ளைகள். புதுக்கோட்டை, அரியலூர், பெரம்பலூர். அதில் ஒரு தம்பி தலைகுனிந்தபடி சொன்னான்: "அக்கா, எங்கம்மா தரையில படுத்திருந்தப்போ கட்டுவிரியன் கடிச்சுது. தஞ்சாவூர் போறதுக்குள்ள போயிட்டாங்க. பாம்புன்னா எனக்கு வேற எதுவும் தோணாது." சொல்லிக்கொண்டு போன ஒரு வார்த்தையையும் நான் அவனிடம் சொல்லவில்லை. அன்று ராத்திரி அந்தப் பாம்பும் செத்துவிட்டது.

அதனால் உங்கள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன். 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்கு சராசரி 58,000. அதில் பெரும்பங்கு நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் கணக்கில் போகிறது. டெல்டாவில் வயல் வரப்பில் நடந்து வளர்ந்த உங்களுக்குப் பாம்பைக் கண்டதும் நெஞ்சு பதறுவது அறியாமை இல்லை. ஊர் கற்றுக்கொடுத்த பாடம் அது. காக்கைக்குச் சோறு வைப்பதும், குரங்குக்குப் பழம் கொடுப்பதும் அதே ஊர் கற்றுக்கொடுத்தவைதான். சிக்கல் எங்கே என்றால், ஊரில் அஞ்சியதற்கு இங்கே அந்த அளவு அஞ்ச வேண்டியதில்லை. ஊரில் அள்ளிக் கொடுத்ததை இங்கே கொடுக்கக் கூடாது. இந்த இரண்டையும் பழகிக்கொள்ள உங்கள் வீட்டில் எல்லாருக்கும் கொஞ்ச காலம் பிடிக்கும். எனக்கும் பிடித்தது.

பாம்பிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் பார்த்தது உடலெங்கும் வலைப்பின்னல் போன்ற கோலம் கொண்ட மலைப்பாம்பு. நம் ஊர் மலைப்பாம்புக்கு உறவு. ஆனால் வேறு இனம். உலகிலேயே நீளமாக வளரும் பாம்பு இதுதான். விஷம் கிடையாது. சிங்கப்பூரில் இதற்கு வடிகால்கள்தான் சாலை. இங்கே நாம் லோங்காங் என்று சொல்கிறோமே, அவை ஒன்றோடொன்று சேர்ந்து தீவு முழுக்க ஓடுகின்றன. அவற்றில் எலியும் ஓடுகிறது. எலியைத் தேடிப் பாம்பு வருகிறது. கனமழை பெய்தால் நீர்மட்டம் ஏறி, பாம்பு மேலே வந்து நம் கண்ணில் படுகிறது. மழை வடிந்ததும் தன் வழியே போய்விடும். பிடித்துக் கொண்டுபோய் வேறு காட்டில் விட்டால் பாம்புக்கு இடம் தெரியாது; அங்கே ஏற்கெனவே இருப்பவற்றுக்கும் நெருக்கடி. பழைய இடத்தில் எலி பெருகும், அதைத் தேடி அடுத்த பாம்பு வரும். "விட்டுவிடுங்கள்" என்று உங்களிடம் சொன்னார்களே, அது அலட்சியத்தில் சொன்னதில்லை. நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். காரணத்தையும் இரண்டு வரியில் சொல்லியிருந்தால் உங்களுக்கு இந்த மனக்குறை வந்திருக்காது.

வாட்ஸ்அப்பில், இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் மனிதரை விழுங்கிய மலைப்பாம்பின் படம் உங்களுக்கும் வந்திருக்கும். அது பொய் இல்லை. 2017-இல் அங்கே அப்படி ஒன்று நடந்தது. அதன் பிறகும் நடந்திருக்கிறது. ஆனால் அவை தோட்டக்காட்டில் தனியாகப் போனவர்களுக்கு, மிகப் பெரிய பாம்புகளால் நேர்ந்தவை. இத்தனை வருடத்தில் என் மேசைக்கு வந்த மலைப்பாம்புகள் எல்லாம் மனிதரால் அடிபட்டவை, வண்டியில் நசுங்கியவை, வெந்நீர் ஊற்றப்பட்டவை. இதற்காகப் பாம்பின் பக்கத்தில் போய் நிற்கலாம் என்று நான் சொல்லவில்லை. நான்கைந்து மீட்டர் தள்ளியே நில்லுங்கள். குச்சியால் சீண்ட வேண்டாம். படம் எடுக்கவென்று வடிகாலில் இறங்க வேண்டாம். நாய் வளர்ப்பவர்கள் கயிற்றை விடாமல் பிடித்திருக்க வேண்டும். பூனையும் சின்ன நாயும் அதற்கு இரைதான்.

விஷப்பாம்பு இங்கே இல்லவே இல்லையா என்றால், உண்டு. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் இங்கே காட்டில் கிடையாது. ஆனால் கருநிறத்தில் ஒரு நாகம் உண்டு. அது கடிப்பதோடு நிற்காது; தூரத்திலிருந்தே கண்ணைப் பார்த்து விஷத்தைத் துப்பும். கண்ணில் பட்டால் கசக்காமல், குழாய் நீரை விட்டுக் கழுவிக்கொண்டே இருங்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். யாரையாவது பாம்பு கடித்துவிட்டால் ஆம்புலன்சுக்கு 995-ஐ அழையுங்கள். கயிறு கட்டுவது, கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, மோதிரம் வளையலைக் கழற்றி, ஆளைப் படுக்க வையுங்கள். பாம்பைப் பிடித்துக் காட்ட வேண்டியதில்லை. நிறமும் நீளமும் சொன்னால் போதும்.

வீட்டுக்குள் வந்துவிட்டால்? மூன்றாம் மாடிக்கு வருவது அரிது, ஆனாலும் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளையை வெளியே கூட்டிப் போய்விடுங்கள். பாம்பு இருக்கும் அறைக் கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் துண்டைச் சுருட்டி வையுங்கள். தேசியப் பூங்காக் கழகத்தின் 1800-476-1600 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். வீட்டுக்குள் இருக்கிறது என்றால் ஆள் வருவார்கள். பூண்டுக் கரைசல், பினாயில், உப்பு, மண்ணெண்ணெய் இவையெல்லாம் பாம்பை விரட்டாது. அதை மிரளத்தான் வைக்கும். மிரண்ட பாம்புதான் கடிக்கும்.

இப்போது காக்கை. உங்கள் கடிதத்தில் என் மனம் அதிகம் நின்றது அத்தை சாப்பிடாமல் இருந்த அந்த இரண்டு நாளில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மில் பலருக்கு இது தெரியாது. 2020 ஜூனிலிருந்து நடப்பில் உள்ள வனவிலங்குச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் எந்தக் காட்டு விலங்குக்கும் பறவைக்கும் உணவு கொடுப்பது குற்றம். காக்கை, மைனா, புறா, குரங்கு, காட்டுப்பன்றி எல்லாம் இதில் அடங்கும். முதல் முறை 5,000 வெள்ளி வரை அபராதம். திரும்பச் செய்தால் 10,000 வெள்ளி வரை. நம் சொந்தச் சன்னல்தானே என்ற வாதம் நிற்காது. அத்தை ஊரிலிருந்து வந்திருப்பவர் என்பதும் நிற்காது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று அவர் கேட்பார். கேட்க வேண்டும். மன்னார்குடி வீட்டில் மொட்டை மாடி உண்டு, கொல்லை உண்டு. வைத்த ஒரு பிடியைக் காக்கை கொத்திக்கொண்டு போனால் மிச்சத்தை அணில் தின்னும், எறும்பு தின்னும். இங்கே அடுக்குமாடிப் புளோக்கில் அப்படி இல்லை. சன்னல் விளிம்பில் வைத்த சோறு பாதி கீழே சிதறும். காக்கையோடு மைனாவும் புறாவும் கூடும். கீழ் வீட்டார் மூங்கிலில் காயப்போட்ட துணியில் எச்சம் விழும். குஞ்சு இருக்கும் காலத்தில் காக்கை, கூட்டுக்குக் கீழே போகிறவர் தலையை வந்து தாக்கும். இரவில், சிதறிய பருக்கையைத் தேடி எலி வரும். எலிக்குப் பின்னால் யார் வருவார் என்று உங்களுக்கு இப்போது தெரியும். வடிகாலில் கிடந்த பாம்புக்கு அத்தையின் ஒரு பிடிச் சோறு காரணம் என்று நான் சொல்லவில்லை. ஒரு புளோக்கில் நூறு வீட்டுக்கு மேல் இருக்கும். ஆளுக்கு ஒரு பிடி என்றால் கணக்கு எங்கே போகும் என்று பாருங்கள்.

அத்தையிடம் இந்தக் கதையையும் சொல்லுங்கள். இங்கே நாம் பார்க்கும் இந்தச் சாம்பல் கழுத்துக் காக்கை இந்த மண்ணுக்குரியது இல்லை. 1890களில் மலாயாவின் கிள்ளான் பக்கம் காபித் தோட்டங்களில் புழு விழுந்து இலையெல்லாம் மொட்டையானது. அந்தப் புழுவைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து காக்கைகளைக் கப்பலில் கொண்டுவந்து விட்டார்கள். நம் சனங்களைத் தோட்ட வேலைக்குக் கூட்டி வந்த அதே காலம், அதே கடல். தோட்டத்தில் காபி போய் ரப்பர் வந்தது, காக்கை போகவில்லை. பெருகித் தெற்கே சிங்கப்பூர் வரை வந்துவிட்டது. காக்கை எங்கே கூடு கட்டுகிறதோ அங்கே முட்டையிடக் குயிலும் வரும் அல்லவா? முன்பு வலசை வந்துபோன குயில், 1980களில் இங்கேயே தங்கிக் குஞ்சு பொரிக்கத் தொடங்கியது. உங்களை விடியற்காலை எழுப்பும் குயில் அந்தக் காபித் தோட்டத்துப் புழுவில் ஆரம்பித்த கதையின் கடைசி ஆள். காக்கைக்குத் தீனி கூடினால் கூடு கூடும், கூடு கூடினால் குயில் கூடும். அதனால் குயிலுக்கு என்று தனியாக நான் பதில் சொல்லப் போவதில்லை. இணை சேரும் பருவம் ஓய்ந்தால் கத்தலும் குறையும். அதுவரை படுக்கையறைச் சன்னலைச் சாத்திவிட்டு விசிறியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, பித்ருக்களுக்கு என்ன செய்வது? அத்தையின் கேள்வி இதுதான், இதற்குப் பதில் இல்லாமல் சட்டத்தை மட்டும் நீட்டினால் அவர் மனம் ஆறாது. என் அம்மா இங்கே வந்திருந்தபோது இதே வருத்தம். அப்பா போய் முதல் வருடம். நாங்கள் செய்தது இது: அமாவாசையன்று ஊரில் என் தம்பி மாடியில் இலை வைப்பான். அங்கே பகல் பன்னிரண்டு என்றால் இங்கே இரண்டரை. அம்மா குளித்துவிட்டுக் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். தம்பி "கா, கா" என்று கூப்பிடும்போது இவரும் இங்கிருந்து கூப்பிடுவார். காக்கை வந்து எடுத்ததைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு இலை விழும். இரண்டரை மணி வரை பசியோடு இருப்பது கஷ்டம்தான். ஆனால் அம்மா முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் பார்த்தேன். உங்கள் கொழுந்தனாரோ வேறு யாரோ ஊரில் இருந்தால் அவர்களிடம் சொல்லிப் பாருங்கள். அப்படி யாரும் இல்லையென்றால், படத்துக்கு முன்னால் படைத்து, அன்றைய பங்குக்கு ஒரு பை அரிசியைக் கோயில் அன்னதானத்துக்குக் கொடுக்கலாம். சாஸ்திரப்படி எது சரி என்பதை அத்தை குருக்களிடமே கேட்கட்டும். அவர் வாயால் சொன்னால் அதன் கனமே வேறு. மருமகள் சொன்னால் வேறு மாதிரி கேட்கும். இது உங்களுக்குத் தெரியாததில்லை.

குரங்குக்கு வருகிறேன். முதலில் அத்தையின் கையைச் சொல்லுங்கள். கீறலைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவினீர்களா? மருத்துவரிடம் காட்டினீர்களா? காட்டவில்லை என்றால் இன்றே போங்கள். குரங்கு கீறியது என்பதை மறக்காமல் சொல்லுங்கள். காயம் சின்னது என்று விட வேண்டாம், அவருக்குச் சர்க்கரை இருந்தால் இன்னும் கவனம். சிங்கப்பூரில் 1953-லிருந்து வெறிநோய் கிடையாது என்பது ஒரு நிம்மதி. ஊரில் இந்த நிம்மதி கிடையாது. விடுமுறைக்கு மன்னார்குடி போகும்போது நாயோ குரங்கோ கடித்தால், கீறினால்கூட, கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரியில் ஊசி போட்டாக வேண்டும். இங்கே வளரும் பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை. அவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

புக்கிட் பாஞ்சாங்கில் இருப்பவை நீள்வால் குரங்குகள். காட்டில் அத்திப்பழமும் தளிரும் தின்று பிழைக்கத் தெரிந்தவை. மனிதர் கையிலிருந்து ஒரு வாழைப்பழம் கிடைத்துவிட்டால், நாள் முழுக்கக் காட்டில் அலைவதைவிட இது எளிது என்று அவற்றுக்குப் புரிந்துவிடும். தாயைப் பார்த்துக் குட்டி கற்றுக்கொள்ளும். பிறகு பழம் இருக்கும் கை எது, பிளாஸ்டிக் பை எது என்று பிரித்துப் பார்ப்பதில்லை; பை என்றாலே உணவு. உங்கள் அத்தையிடம் பிடுங்கியது கோபத்தால் இல்லை. அவர் தினமும் கொடுத்ததை அது அன்று தானே எடுத்துக்கொண்டது. ஆள்களிடம் பிடுங்கிப் பழகிய குரங்குக்குக் கடைசியில் என்ன நேரும் என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள். புகார் மேல் புகார் போகும், பொறி வைப்பார்கள், பிடிபட்டது பெரும்பாலும் உயிரோடு திரும்பாது. சாலையைக் கடந்து உணவுக்கு ஓடிவந்து வண்டியில் அடிபட்ட குட்டிகளை நான் கையில் ஏந்தியிருக்கிறேன். ஆஞ்சநேயர் மேல் பக்தி உள்ளவர், இதைக் கேட்ட பிறகு பழம் நீட்டமாட்டார் என்று நம்புகிறேன்.

அந்த வழியில் நடக்கும்போது ரொட்டி, பழம் எல்லாம் முதுகுப்பைக்குள் போகட்டும். கையில் சலசலக்கும் பை வேண்டாம். எதிரில் வந்தால் கண்ணோடு கண் பார்க்காமல், ஓடாமல், மெதுவாக நடந்து போங்கள். வாயைத் திறந்து முறைத்தால் அது மிரட்டல், பின்வாங்குங்கள். பையைப் பிடித்துவிட்டால் விட்டுவிடுங்கள், ஒரு ரொட்டிக்காக இழுபறி வேண்டாம். குடை இருந்தால் தரையில் தட்டுங்கள், குரங்கை அடிக்காதீர்கள். தனியாகத் திரியும் ஆண் குரங்கைப் பார்த்தால் பதற வேண்டாம். வயது வந்த ஆண்கள் பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டம் தேடிப் போவது அவற்றின் வழக்கம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். உங்கள் வட்டாரத்தில் நான் உண்மையாகவே எச்சரிக்கையாக இருக்கச் சொல்வது பாம்பைவிடவும் குரங்கைவிடவும் காட்டுப்பன்றியிடம்தான். 2023-இல் புக்கிட் பாஞ்சாங்கில் அது முட்டிச் சிலர் காயப்பட்டார்கள். இருட்டில், விடியுமுன், புல்வெளியில் குட்டிகளோடு நிற்கும் பன்றியைப் பார்த்தால் அப்படியே பின்னால் நகருங்கள். அதற்கு ஓடிப்போக ஒரு வழி திறந்திருக்க வேண்டும். வழியில்லாமல் மாட்டிக்கொண்டதாக நினைத்தால்தான் பாயும்.

வீடு மாறலாமா? வாடகைக்காக, வேலைக்காக என்றால் மாறுங்கள். விலங்குக்காக என்றால் வேண்டாம். செங்காங்கிலும் வடிகால் உண்டு, பாம்பும் உண்டு. அங்கே உடும்பும் நீர்நாயும் வரும். புக்கிட் பாஞ்சாங் என்றால் மலாய் மொழியில் நீண்ட குன்று என்று பொருள். அந்தக் குன்றும் காடும் இருந்த இடத்தில்தான் நம் புளோக்குகள் நிற்கின்றன. 1980களில் புக்கிட் தீமா விரைவுச்சாலை போட்டபோது காடு இரண்டாகப் பிளந்துபோனது. கடக்கப் போய் அடிபட்டு எறும்புத்தின்னிகள் செத்தன. 2013-இல் அந்தச் சாலைக்கு மேலே 62 மீட்டர் நீளத்துக்கு மரமும் செடியும் நட்ட ஒரு பாலம் கட்டினார்கள், மனிதர் நடக்க இல்லை, விலங்குகள் மட்டும் கடக்க. உங்கள் வீட்டிலிருந்து அது வெகு தூரமில்லை. அடுத்த முறை அந்தச் சாலையில் பேருந்தில் போகும்போது தலைக்கு மேல் பச்சையாக ஒரு பாலம் கடந்து போகும், மகனுக்குக் காட்டுங்கள்.

அவனைப் பற்றிக் கடைசியில் பேசலாம் என்றுதான் வைத்திருந்தேன். "பயப்படாதே, அது ஒன்றும் செய்யாது" என்று அவனிடம் சொல்லாதீர்கள். அவன் கண்ணால் பார்த்தது பெரிய பாம்பு. அது ஒன்றும் செய்யாது என்றால் நம்பமாட்டான், உங்கள் பேச்சையும் சேர்த்து நம்பாமல் போவான். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள்: நில், பின்னால் நகர், அம்மாவைக் கூப்பிடு. பேருந்து நிறுத்தத்துக்குப் போகும்போது வடிகால் பக்கம் நீங்கள் நடங்கள், அவன் மறுபக்கம் வரட்டும். ஒரு வாரம் இப்படிப் போய்ப் பாருங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பீஷான் அங் மோ கியோ பூங்காவுக்குக் கூட்டிப் போங்கள். காங்கிரீட் கால்வாயாக இருந்த காலாங் ஆற்றை அங்கே 2012-இல் மறுபடி புல்லும் கல்லும் உள்ள ஆறாக மாற்றினார்கள். நேரம் வாய்த்தால் நீர்நாய்க் குடும்பம் மீன் பிடிப்பதைப் பார்க்கலாம். இதே நீர்நாய் நம் காவிரியிலும் உண்டு. சங்கப் பாட்டிலேயே அது வாளை மீன் பிடிக்கிறது. அத்தையையும் கூட்டிப் போங்கள், அவருக்கு ஊர் நினைவு வரும். தள்ளி நின்றே பாருங்கள், குட்டி இருந்தால் இன்னும் தள்ளி.

அதுவரை அவனுக்கு வேலை வாசலிலேயே இருக்கிறது. கறிவேப்பிலைச் செடியில் பை மாதிரி தொங்குவது தேன்சிட்டின் கூடு. நுழைவாயிலுக்கு மேல் சின்னதாக ஒரு தாழ்வாரம் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், பாருங்கள். புல்லையும் பஞ்சையும் சிலந்தி வலையால் சேர்த்துப் பெண் குருவி கட்டியது. மஞ்சள் வயிறும் மினுங்கும் கருநீலக் கழுத்துமாக வருவது ஆண். தொட்டியை இரண்டடி நகர்த்தினாலும் அவை கூட்டைக் கைவிட்டுப் போய்விடலாம். முட்டை பொரிய ஏறத்தாழ இரண்டு வாரம், குஞ்சு பறக்க இன்னொரு இரண்டு வாரம். அந்த ஒரு மாதம் கறிவேப்பிலையைத் தேக்கா சந்தையில் வாங்கிக்கொள்ளுங்கள். செடிக்குத் தண்ணீர் வேரில் மட்டும், மெதுவாக ஊற்றுங்கள். மகனிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, சன்னல் உள்பக்கம் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுங்கள். தாய் எத்தனை முறை வருகிறது, வாயில் என்ன கொண்டுவருகிறது என்று எழுதட்டும். கூட்டைத் தொடக் கூடாது, உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. வழியில் போகிறவர்கள் தொடாமல் பார்த்துக்கொள்வதும் அவன் பொறுப்பு.

குஞ்சு பறந்துபோன அன்று எனக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அத்தையின் கை எப்படி இருக்கிறது என்றும்.